எல்லாம் அடங்குன பெட்டி

எங்க வளவைப் பத்தி முதல்ல சொல்லிப்புடுறேன், அப்புறம் பாதியில "இதெல்லாம் நடக்குமா"ன்னு குறுக்க வந்து விழக்கூடாது. மதுரையில மாசி வீதியிலருந்து பிரியுற சந்துல, அந்தச் சந்துக்குள்ள இன்னொரு சந்துல, ஒரே வாசலுக்குள்ள எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே கொடிக்கயிறு, ஒரே கக்கூசு. ஒருத்தி மொளகா தாளிச்சா எட்டு வீடும் இருமும். வீடுன்னா ஒரு அறை, ஒரு அடுப்படி, அம்புட்டுத்தான். காலை நீட்டுனா சுவரு, கையை நீட்டுனா மாமியா. இங்கதான் ஒரு ஐப்பசி மத்தியானம், மழை பிடிச்சு விடாமப் பேஞ்சுக்கிட்டு இருந்தப்ப, மூணாம் வீட்டுப் பேச்சியம்மா மதினி, நனையுற பாயை எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியாம வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து, கடைசியில மருமக சுபாஷிணியோட கம்ப்யூட்டர் பெட்டியைத் தொறந்து அதுக்குள்ள பாயைத் திணிச்சுச்சு. பாய் போயிருச்சு. இன்னொரு பாயைத் திணிச்சுச்சு. அதுவும் போயிருச்சு.

அந்தப் பெட்டி எம்புட்டுப் பெருசுங்கிறீங்க? ரெண்டு செங்கல்லை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எம்புட்டு இருக்கும், அம்புட்டுத்தான். அதுக்குக் காரணம் உண்டு. சுபாஷிணி கல்யாணமாகி வந்த புதுசுல, "அத்தை, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், வீட்டுலருந்தே வேலை பார்ப்பேன்"னு கேட்டா. மதினி வீட்டை நாலாபக்கமும் பார்த்துச்சு. தரையில எடமில்ல, பரண்ல எடமில்ல, கட்டிலுக்கு அடியில எலிக்கே எடமில்ல. கடைசியா சுவத்துல வெளக்கு வைக்கிற மாடாக்குழியைக் காட்டி, "இதுக்குள்ள அடங்குறதா இருந்தா வாங்கிக்க"ன்னுச்சு. அடங்காதுன்னு நெனைச்சுத்தான் சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரி நானு, எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் புள்ள மாடாக்குழியைத் தையல் டேப் வச்சு அளந்துட்டுப் போயி, ஊரெல்லாம் தேடி, அதுக்குன்னே அச்சுல வார்த்த மாதிரி ஒரு குட்டிப் பெட்டியைக் கொண்டாந்து உள்ள உக்கார வச்சுட்டா. தினக்காலண்டர் மாட்டுற ஆணியில டிவி மாதிரி ஒண்ணைத் தொங்கவிட்டா. காலண்டரு அன்னையிலருந்து என் வீட்டுல இருக்கு.

பாய் உள்ள போன சேதி சாயங்காலத்துக்குள்ள எட்டு வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. யாராச்சும் வாயைப் பொளந்தாகளா? ஒருத்தரும் இல்ல. நாலாம் வீட்டுத் தவமணி, "சைனாச் சாமான்னா அப்பிடித்தேன், வெளிய சிறுசா வச்சுட்டு உள்ள எடத்தை நிறைய விட்டுருப்பான்"னா. சரின்னு தலையை ஆட்டிக்கிட்டோம். வசதியா வாழுறவுகளுக்கு வேணா அது மாயமா இருக்கும். எடமில்லாதவளுக்கு எடம் கெடைச்சா, அது எப்பிடி வந்துச்சுன்னு நோண்டிக்கிட்டா இருப்பா? மறுநா காலையில தவமணி தன் மகளுக்குச் சேத்து வச்சிருந்த சீர்ப் பாத்திரத்தைக் கொண்டாந்தா, அண்டா, குண்டா, தவலை, அம்புட்டும் போச்சு; ஆறாம் வீட்டு மாரிமுத்து, நாலு வருசமா வளவு வாசல்ல துருப்பிடிச்சு நின்ன மொபெட்டை உருட்டிக்கிட்டு வந்தாரு, ஹேண்டில் பார் மட்டும் கொஞ்சம் அடம்பிடிச்சுச்சு, லேசாச் சாய்ச்சு விட்டாரு, போச்சு; என் பழைய கிரைண்டரை நான் கொண்டுபோனேன், கல்லோட போச்சு; கட்டிலு போச்சு, பீரோ போச்சு, கொலுப்படி போச்சு, ஒரு வீட்டுக்காரரோட வெள்ளையடிக்கிற ஏணி முழுசாப் போச்சு. மழை நாள்ல ஈரத்துணியை உள்ள விட்டு ஒரு மணி நேரத்துல எடுத்தா இஸ்திரி போட்ட மாதிரிச் சுடச்சுட வந்துச்சு, அதுக்காகவே வரிசையில நின்னோம். கொடிக்கயித்துச் சண்டை அந்த வாரத்தோட ஒழிஞ்சுச்சு. வாசல் விரிஞ்சுச்சு. எங்க வளவுல முதல் தடவையா எல்லாரும் காலை நீட்டிப் படுத்தோம்.

சுபாஷிணி மட்டும் படுக்கல. அவளுக்கு இருப்புக்கொள்ளல.

அவ பார்க்குற வேலை என்னன்னா, கட்டாத வீட்டைக் கட்டி முடிச்ச மாதிரிக் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுறது. கேட்டைத் தொறந்து உள்ள போற மாதிரி, ஹால்ல நடக்குற மாதிரி, சன்னல்ல வெளிச்சம் வந்து தரையில விழுற மாதிரி. அந்த ஓட்டையாப் போன அறையில உக்காந்துக்கிட்டு எப்பேர்ப்பட்ட வீடெல்லாம் கட்டுவா தெரியுமா, நானே மாவாட்டுறதை விட்டுட்டுப் போயி நின்னு பார்ப்பேன். கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரன் ஒருத்தன், "ஒரு பெரிய பங்களாவை ஓட்டி அனுப்பு, நல்லா இருந்தா மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்குறோம், வீட்டுலருந்தே பார்க்கலாம்"னு சொல்லியிருந்தான். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கெடு. இவளும் பங்களாவைச் செஞ்சுட்டா. ஓட்டுனா, கேட்டு வருது, ஹாலு வருது, மாடிப்படி வந்த ஒடனே திக்குவாய்க்காரன் மாதிரி அங்கேயே நின்னுக்கிட்டுத் திக்குது. மேல ஏறவே மாட்டேங்குது. அதுக்குக் கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு போடணுமாம், படத்தை இழுக்குற மாடு அதுதானாம்.

மதினியும் கெடு வச்சிருந்துச்சு. "தீபாவளி வரைக்கும் பாரு. ஓடலைன்னா கம்ப்யூட்டரை வித்துட்டு என்கூட அப்பளக் கம்பெனிக்கு வா, வெளக்கைத் திரும்ப மாடாக்குழியில வைக்கிறேன்"னுச்சு. அப்பளக் கம்பெனியில மதினி இருபது வருசமா மொட்டை வெயில்ல அப்பளம் காய வச்சு முகம் கருத்துப் போயிருக்கு. சுபாஷிணி அதைத் தினமும் பார்க்குறாள்ல, அவ தவிப்பு அவளுக்கு.

கார்டு எடுக்குறதுன்னா சேலை எடுக்குற மாதிரின்னு நெனைச்சேன், இல்லையாம். நீளம் பார்க்கணும், ஒசரம் பார்க்கணும், தடிமன் பார்க்கணும், அது குடிக்கிற கரண்டைப் பார்க்கணும், கக்குற சூட்டைப் பார்க்கணும். இவளைப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இம்புட்டுப் பார்க்கல. பெருசா எடுத்தா கரண்டு பத்தாது, சிறுசா எடுத்தா வேலைக்குப் பத்தாது. ரெண்டு காத்தாடி வச்சது நீளம், ஒரு காத்தாடி வச்சது குண்டு, காத்தாடியே இல்லாதது ஒல்லி, ஆனா நோஞ்சான். அவ அல்வாப் பெட்டி அட்டையைக் கார்டு அளவுக்கே வெட்டி, பெட்டிக்குள்ள விட்டு விட்டுப் பார்ப்பா. அட்டை அழகா உக்காரும். அதே அளவுல நெச கார்டைக் கொண்டாந்து விட்டா ஒரு விரக்கடை வெளிய நிக்கும். இதை விடக் கட்டையானதைக் கொண்டாந்தா, அதுவும் ஒரு விரக்கடை வெளிய நிக்கும். மொபெட்டு போன பெட்டிக்குள்ள உள்ளங்கை அகலத்துக் கார்டு போக மாட்டேங்குது!

அந்த நாள்கள்ல அவ நடந்த நடை இருக்கே, வாசலுக்கும் குழாய்க்கும், குழாய்க்கும் வாசலுக்கும், டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, வாய்க்குள்ளயே அளவைச் சொல்லிக்கிட்டு, பார்க்குற எங்களுக்கே கால் வலிச்சுச்சு. "ஏத்தா, செத்த உக்காரேன்"னு சொன்னா, "உக்காந்தா ஓடிருமா சித்தி?"ம்பா. சோறு தின்னுக்கிட்டே எந்திரிச்சுப் போயி பெட்டியை ஒரு தடவை தொறந்து பார்த்துட்டு வருவா. தூக்கத்துலயும் விரலை விரிச்சு அளந்துக்கிட்டு இருக்கான்னு மதினி சொல்லுச்சு.

ஒருநா உளுந்து வாங்கப் போறப்ப நானும் அவகூட டவுன்ஹால் ரோட்டுக் கடைக்குப் போனேன். காதர் மைதீன்னு ஒருத்தர் கடை, அதுவும் எங்க வீடு மாதிரித்தான், மூணு பேரு நின்னா நாலாவது ஆளு ரோட்டுல நிக்கணும். இவளைப் பார்த்ததும் தலையில கையை வச்சாரு.

"தங்கச்சி, நேத்து எடுத்துட்டுப் போனதுதாம்மா இருக்குறதுலயே குட்டை. அதுக்கும் சின்னதுன்னா தீப்பெட்டிதான் தரணும்."

"அளவு சரியாத்தாண்ணே இருக்கு. நுழையத்தான் மாட்டேங்குது."

"பெட்டியைப் பெருசா மாத்திருங்களேன்."

"பெட்டியை மாத்தலாம். மாடாக்குழியை யாருண்ணே மாத்துறது?"

அவரு கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "அளவு சரியா இருந்தா நுழைஞ்சே ஆகணும். உள்ள வேற என்ன வச்சிருக்கீங்க?"

"ரெண்டு கட்டிலு, ஒரு பீரோ, தவமணியக்காவோட சீர்ப் பாத்திரம், ஒரு மொபெட்டு, ஏணி, கொலுப்படி, இந்தா நிக்கிற சித்தியோட கிரைண்டரு, அப்புறம் அத்தையோட சாமான்"னு இவ மூச்சுவிடாம ஒப்பிச்சா.

சிரிப்பாருன்னு பார்த்தேன். சிரிக்கல. கடைக்குள்ள ஒருக்களிச்சு நின்னே காலத்தை ஓட்டுறவரு, அவருக்குப் புரிஞ்சுச்சு போல. "அதான பார்த்தேன். எந்தப் பெட்டியா இருந்தாலும் கொஞ்சம் காத்தோட்டம் வேணுமேம்மா. இம்புட்டையும் வச்சுக்கிட்டு அந்தக் கார்டு எங்க போயி மூச்சு விடும்? இதையே எடுத்துட்டுப் போங்க, இதை விட உங்களுக்கு ஏத்தது கெடையாது. உள்ள இருக்கறதை முதல்ல எறக்குங்க"ன்னாரு. என்னைய ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, நான் உளுந்து கடையைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்.

எறக்குங்கன்னு அவரு சொல்லிட்டாரு. எங்க வளவுச் சட்டம் அவருக்கு எங்க தெரியும்? ஒருத்தி வீட்டுல இன்னொருத்தி சாமானை வச்சா, வச்சவ எப்ப வேணாலும் வந்து கேக்கலாம். ஆனா வச்சிருக்குறவ "எடுத்துட்டுப் போ"ன்னு வாயைத் தொறந்து சொல்லக்கூடாது. சொன்னா, அவளைச் செத்தவளாத் தலைமுழுகிட்டேன்னு அர்த்தம். செத்தவுக சாமானைத்தான் கேக்காமத் திருப்பிக் குடுப்போம், பதினாறாம் நாளு வாசப்படியில கொண்டாந்து வச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துருவோம். யாரு போட்ட சட்டமோ தெரியாது. எடமில்லாத ஊருல ஒருத்தருக்கொருத்தர் எடம் குடுத்துத்தான் பொழைக்கணும்னு எவளோ வெவரமானவ போட்டிருப்பா.

அதனால சுபாஷிணி முதல்ல ஜாடையாப் பேசிப் பார்த்தா. "தவமணியக்கா, சீர்ப் பாத்திரமெல்லாம் கறுத்துப் போயிருமே, எடுத்து வெளக்கி வைக்கலாம்ல?"ன்னா. "ஒன் பெட்டிக்குள்ள சூடா இருக்குறதால கறுக்காதுடி"ன்னா தவமணி. மாரிமுத்துகிட்ட, "மாமா, மொபெட்டை எடைக்குப் போட்டா நல்ல வெல வருதாமே"ன்னா. "வரட்டும் வரட்டும், இன்னும் ஏறட்டும்"னாரு அவரு. புருசன் முனீஸ் லாரியில போறவன், அப்ப வண்டியோட நாக்பூருல கெடந்தான். போன்ல அவன்கிட்ட அழுதா. அவன், "பெரியவுக வச்சதுல்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க சுபா. ஆமா, என் பழைய தார்ப்பாய் ஒண்ணு இருக்கு, அதையும் உள்ள வச்சிரு"ன்னான். அவ போனை வச்சுட்டு வாசல்ல நடந்தா, நடந்தா, குழாயடியில தண்ணி நெறைஞ்சு வழிஞ்சு ஓடுது, அது தெரியாம அதுலயே நடந்தா.

வியாழக்கிழமை வந்துருச்சு. மறுநா கெடு. காலையில எல்லாரும் பல் வெளக்கிக்கிட்டு இருக்குறப்ப, சுபாஷிணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, பெட்டியைத் தொறந்து, தோள் வரைக்கும் கையை உள்ள விட்டு, இழுக்க ஆரம்பிச்சா. அண்டா வந்துச்சு, தவலை வந்துச்சு, தலைகுப்புற மொபெட்டு வந்துச்சு, கட்டிலு காலைக் காலை ஒதறிக்கிட்டு வந்துச்சு. ஒவ்வொண்ணையும் கொண்டுபோயி அவுகவுக வாசப்படியில வச்சா. திரும்பிப் பார்க்காம வந்தா. வச்சா, வந்தா. ஏணியை நிமித்திச் சாத்துனா, வந்தா. வளவே வாயில நுரையோட நிக்கிது.

கிரைண்டரு என் படியில வந்து நின்னதும் நான் வாயில இருந்த நுரையைத் துப்புனேன். நேரா அவ வீட்டுக்குப் போயி, "ஏண்டி, மாவில்லைன்னு என்னைக்காச்சும் ஒன்னைய வெறுங்கையோட அனுப்பிச்சிருக்கேனா? எனக்கா சாமானைத் திருப்புற?"ன்னு கேட்டேன். அவ மூச்சு வாங்கிக்கிட்டே, "சித்தி, கிரைண்டரு இருந்த எடம் எனக்கு வேணும்"னா. கோவமாச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அன்னைக்கு எங்க வளவு பட்ட பாட்டைச் சொல்லணும். ஏழு வீட்டுக்கும் சாமான் திரும்பி வந்துருச்சு, ஏழு வீடும் செத்தாச்சு. தவமணி மாரடிச்சு அழுதா, அவளுக்கு ஆறுதல் சொல்லணும்னா சொல்றவளும் செத்துல்ல போயிட்டா. சாவு வீட்டுல அடுப்பெரியக் கூடாது, அதனால ஒருத்தி வீட்டுலயும் ஒல வைக்கல. வரிசையாக் குழாயடியில நின்னு தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டோம். எனக்குத் தெரிஞ்சு அன்னைக்கு ஒருநாத்தான் குழாயடியில சண்டை இல்லாம இருந்துச்சு, செத்தவுகளுக்கு என்ன அவசரம்? சேதி கேட்டு அடுத்த சந்துக்காரி ஒருத்தி தூக்குவாளியில காப்பியோட வந்துட்டா.

"யாரு எறந்தது?"ன்னா.

"நாங்கதான்"னேன்.

"அடியாத்தி! எப்ப?"

"காலையில."

"முந்தாநா கூட நல்லாத்தான இருந்தீக"ன்னு மூக்கைச் சிந்திட்டு, எல்லாருக்கும் காப்பியை ஊத்திக் குடுத்தா. சக்கரை கம்மி. இருந்தாலும் குடிச்சோம்.

மத்தியானம் மதினி அப்பளக் கம்பெனியிலருந்து வந்துச்சு. வாசல்ல கட்டிலும் அண்டாவுமாக் கெடக்கு, ஈரத்தலையோட நாங்க ஒக்காந்துருக்கோம். பார்த்ததும் வெளங்கிக்கிச்சு. விறுவிறுன்னு உள்ள போச்சு. செத்தவுக அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயி அந்த வீட்டுச் சன்னலை மொய்ச்சோம்.

உள்ள சுபாஷிணி கார்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. மொகமெல்லாம் வேர்வை. ஊரு சாமானை அம்புட்டையும் எறக்கியும் கார்டு நுழையல, அந்த ஒரு விரக்கடை இன்னமும் வெளிய நிக்கிது. பெட்டிக்குள்ள மதினியோட சாமான் மட்டுந்தான் மிச்சம். ரெண்டு பாயி, ஒரு இரும்பு ட்ரங்குப் பெட்டி. கல்யாணமாகி வந்தப்ப மதினி கொண்டாந்த ட்ரங்கு அது. அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, அதைத் தொறந்து மூடியைச் சாய்க்க அந்த வீட்டுல என்னைக்கும் எடம் இருந்ததில்ல.

சுபாஷிணி கார்டை உள்ள விட்டா, எடுத்தா, திரும்ப விட்டா, திரும்ப எடுத்தா. ஊரு பகையைச் சம்பாதிச்சாச்சு, இது மாமியா. இதுலயும் தோத்தா தீபாவளியோட அப்பளக் கம்பெனி. ஜெயிச்சா நாளைக்கு எந்த மொகத்தோட இந்த வீட்டுல சோறு திங்குறது?

"அத்தை"ன்னா. "ஒங்க சாமானை எடுத்துக்கங்க."

சன்னல்ல தவமணி "அய்யய்யோ"ன்னு வாயைப் பொத்துனா.

மதினி நிமிந்து பார்த்துச்சு. "அப்ப நானும் செத்துட்டேன்?"

"நீங்க சாக வேணாம் அத்தை. நான் உயிரோட இருக்கணும், அம்புட்டுத்தான்"னு சொன்னவ, அதுவரைக்கும் அழாதவ, அழுதுட்டா.

மதினி முந்தானையை இழுத்துச் சொருகுச்சு. எங்கயாச்சும் அடிச்சுப்புடுமோன்னு நான் கதவுப் பக்கம் நகந்தேன். மதினி மாடாக்குழிகிட்டப் போயி, அப்பளம் காய வச்சுக் காய்ச்சுப்போன கையை உள்ள விட்டு, பாயை உருவி வெளிய போட்டுச்சு, ட்ரங்குப் பெட்டியோட காதைப் பிடிச்சு "ம்ம்"னு ஒரு இழு இழுத்துச்சு. அது கர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு வந்து தரையில விழுந்துச்சு. வைக்க எடம் ஏது? நட்ட நடு வீட்டுல, அது விழுந்த எடத்துலயே, அது மேல உக்காந்துக்கிச்சு.

"மாட்டிப் பாரு"ன்னுச்சு.

கார்டு போச்சு. தடுக்கல, மொரண்டு பிடிக்கல, தொட்டில்ல புள்ளையப் போடுற மாதிரிப் போயி உக்காந்துச்சு. "டிக்"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. சுபாஷிணி கண்ணைத் தொடச்சுக்கிட்டு பங்களாவை ஓட்டுனா. கேட்டு தொறந்துச்சு. ஹாலு வந்துச்சு, சன்னல் வெளிச்சம் தரையில விழுந்துச்சு. மாடிப்படி வந்துச்சு. நாங்க ஒருத்தரும் மூச்சு விடல. முதல் படி, ரெண்டாம் படி, மூணாம் படி, தண்ணி மாதிரி ஏறிக்கிட்டே போகுது, திக்கல, நிக்கல, மேல போயிருச்சு! மாரிமுத்து சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு விசிலடிச்சாரு, செத்த மனுசன்.

மாடியில ஒரு அறை. பெரிய அறை. எங்க எட்டு வீட்டையும் தூக்கி உள்ள வச்சாலும் சுத்தி நடக்க எடம் இருக்கும். வெள்ளைச் சுவரு, ஒரு சன்னல், வேற ஒண்ணுமில்ல.

மதினி ட்ரங்கு மேல உக்காந்தபடியே எக்கிப் பார்த்துச்சு. "இதுல யாரு இருக்கா?"

"யாருமில்ல அத்தை. காலியா இருக்கு."

"ஒரு பாயி கூட இல்லையா?"

"இல்ல அத்தை."

மதினி அந்த அறையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணை எடுக்கல. தவமணிக்குத்தான் பொறுக்கல, "அம்புட்டு எடமும் சும்மால்ல கெடக்கு, அந்த மூலையில ஒரு கட்டிலைப் போட்டா என்னவாம்?"னா.

மதினி திரும்பாமலே சொல்லுச்சு: "எவளாச்சும் அதுக்குள்ள ஒரு சாமானைக் கொண்டாந்து வச்சீக, கையை ஒடிச்சுப்புடுவேன்."